பார்வையில் பாதி யாருடையது?

2012 ஜூன் 27. சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்த ஆகாயக் கப்பலிலிருந்து சிலர் பாராசூட்டோடு குதித்தார்கள். மாஸ்கோனி மாநாட்டு அரங்கின் கூரையில் அவர்கள் வந்து இறங்கியதும், அங்கே காத்திருந்த சைக்கிள் வீரர்கள் கூரை நெடுகப் பாய்ந்தார்கள். இன்னொருவர் கயிற்றைப் பிடித்துச் சுவர் வழியே கீழே இறங்கினார். கடைசியில் சைக்கிள் மேடைக்கே வந்து நின்றது. அங்கே நின்றிருந்தவர் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின். குதித்தவரின் கண் எதையெல்லாம் கண்டதோ அதையெல்லாம் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரையில் அந்த நொடியே கண்டார்கள். குதித்தவர்களின் வலக்கண்ணுக்கு அருகில் ஒரு சின்னக் கேமரா இருந்தது.

அந்தக் கருவியின் பெயர் கூகுள் கிளாஸ். பார்வைக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் போல இருக்கும். வலக்கண்ணுக்குச் சற்று மேலே ஒரு கண்ணாடிப் பட்டகம்; அதில் தெரியும் சிறு திரை, எட்டடி தூரத்தில் வைத்த 25 அங்குலத் தொலைக்காட்சி அளவுக்குத் தோன்றும். பக்கத்தில் 5 மெகாபிக்சல் கேமரா. காதுக்குள் எதையும் செருகாமல் எலும்பின் அதிர்வு வழியாகவே ஒலி கேட்கும். வாயால் சொன்னால் படம் எடுக்கும், வழி காட்டும், செய்தி அனுப்பும். பின்னாளில் கண்ணைச் சிமிட்டினாலே படம் எடுக்கும் வசதியும் வந்தது.

"என்னிடம் இது இருந்தால் என்ன செய்வேன்" என்று எழுதி அனுப்பச் சொல்லி, அப்படி அனுப்பியவர்களில் 8,000 பேரைக் கூகுள் தேர்ந்தெடுத்தது. அவர்களும் 1,500 டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் முதல் கண்ணாடிகள் கைக்கு வந்தன. 2014 மே மாதம் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது. 2015 ஜனவரி 19 அன்று விற்பனை நின்றது. வானத்திலிருந்து குதித்து வந்த ஒரு பொருள் மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் பொதுமக்கள் கடையிலிருந்து மறைந்துபோனது.

ஏன் தோற்றது என்று கேட்டால் வணிகம் படித்தவர்கள் சில காரணங்களை உடனே சொல்வார்கள். விலை அதிகம். வீடியோ எடுத்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். எதற்காக இதை வாங்க வேண்டும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. மூன்றும் உண்மை. ஆனால் 1983இல் மோட்டரோலா விற்ற முதல் கைபேசி 3,995 டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். அதைக் கையில் வைத்திருந்தவரைப் பார்த்து ஊர் வியந்தது. குறை நிறைந்த, விலை கூடிய முதல் பொருள் பிறகு உலகத்தையே நிறைத்த கதைகள் உண்டு. எனவே இந்தக் காரணங்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

மீதிக் கதை கடைக்கு வெளியே நடந்தது. கண்ணாடி வாடிக்கையாளர்கள் கைக்குப் போவதற்கு முன்பே, 2013 மார்ச்சில், சியாட்டில் நகரத்தின் ஃபைவ் பாயின்ட் கஃபே என்ற மதுக்கூடம் தன் வாசலுக்குள் அதை அணிந்து வரக்கூடாது என்று அறிவித்தது. மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேர் கூகுளின் தலைவர் லாரி பேஜுக்குக் கடிதம் எழுதினார்கள்: தெருவில் போகும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றிய தகவல் திரட்டப்படாது என்று எப்படி உறுதி செய்வீர்கள்? முகத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டும் செயலிகளை அனுமதிக்க மாட்டோம் என்று அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் அறிவித்தது. கலக்கம் அடங்கவில்லை. 2014 ஜனவரியில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத் திரையரங்கில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரை எழுப்பி வெளியே அழைத்துப் போய்க் கூட்டாட்சி அதிகாரிகள் விசாரித்தார்கள். அவர் பார்வைக் குறைக்காகப் பவர் கண்ணாடி பொருத்திய கிளாஸ் அணிந்திருந்தார். கருவியை அணைத்தே வைத்திருந்ததாகச் சொன்னார். உள்ளே இருந்த படங்களைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அடுத்த மாதம் சான்பிரான்சிஸ்கோ மதுக்கூடம் ஒன்றில் இதை அணிந்திருந்த பெண்ணிடமிருந்து கண்ணாடியைப் பறித்தார்கள். அதை அணிந்து திரிபவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல் பிறந்தது. அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் ஒழுக்கப் பட்டியல் எழுத வேண்டிய நிலை வந்தது.

இந்த நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வெறுப்பைக் காட்டியவர்கள் அந்தப் பொருளை வாங்கி ஏமாந்தவர்கள் இல்லை. அவர்கள் கடைப்பக்கமே போகாதவர்கள். பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்.

சந்தை என்றால் விற்பவரும் வாங்குபவரும் என்றுதான் பொதுவாக எண்ணுவது. மூன்றாமவருக்கு நேரும் பாதிப்பைப் பொருளாதாரம் கவனிக்காமல் இல்லை. இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920இலேயே அதை விரிவாக எழுதினார். ஆலையின் புகை அக்கம்பக்கத்து வீடுகளைக் கருக்கினால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பது அதற்குப் பழகிய உதாரணம். புகையை அளந்துவிடலாம், கறுத்த சுவருக்கு வெள்ளையடிக்கும் கூலியைக் கணக்கிடலாம். பக்கத்து மேசைக்காரர் எதை இழந்தார்? அவர் உடம்பில் கீறல் இல்லை, பையில் பணம் குறையவில்லை. கேமரா அணைந்தேகூட இருந்திருக்கலாம். ஆனாலும் தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் உணர்ந்தார். அந்த 'எதையோ' என்ன என்பதுதான் கேள்வி. பொறியியலும் விளம்பரமும் பதில் சொல்ல முடியாத இந்த இடத்தில் தத்துவத்துக்கு வேலை இருக்கிறது.

பிரெஞ்சுத் தத்துவஞானி ழான் பால் சார்த்தர் 1943இல் வெளியிட்ட 'இருத்தலும் இன்மையும்' நூலில் பார்வையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற பகுதி உண்டு. ஒருவன் சாவித்துவாரத்தின் வழியே உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் அவன் தன்னையே மறந்து முழுக்கக் கண்ணாகிவிட்டான். திடீரென்று தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். அந்த நொடியில் அவனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்கிறது. இதுவரை பார்ப்பவனாக இருந்தவன் இப்போது பார்க்கப்படுபவன். சார்த்தர் சொல்ல வருவது இதுதான்: இன்னொருவரின் பார்வை வெறும் வெளிச்சம் போல என்மேல் விழுந்து போவதில்லை, நான் யார் என்பதையே அது மாற்றுகிறது. பார்வை இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் காரியம்.

கண்ணும் கண்ணும் மட்டும் இருந்த காலத்தில் இந்தக் காரியத்தில் ஒரு சமநிலை இருந்தது. என்னைப் பார்ப்பவரை நானும் பார்க்கலாம். முறைக்கலாம், சிரிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், "என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்கலாம். அதற்கும் மேலாக, மனிதக் கண் மறந்துவிடும். பேருந்தில் எதிர் இருக்கையில் அழுதுகொண்டு வந்தவரின் முகம் இறங்கிய பிறகு மங்கத் தொடங்கும். ஓர் ஊரில் லட்சம் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாழ முடிவது இந்த மறதியின் தயவால்தான். கிளாஸ் அணிந்தவரின் பார்வையில் இந்த இரண்டும் இல்லாமல் போயின. அவர் கண்ணைப் பார்த்து அது தன்னைப் பார்க்கிறதா, பதிகிறதா, திரையில் எதையோ வாசிக்கிறதா என்று எதிரே இருப்பவரால் சொல்ல முடியவில்லை. பதிவாகிறது என்றால், அந்தப் பார்வை கண்ணாடி அணிந்தவரோடு நிற்கவில்லை. அவர் வழியாக எங்கோ இருக்கும் யாரோ ஒருவருக்கு, என்றோ ஒரு நாளைக்குப் போய்ச் சேரும். அங்கே திருப்பிப் பார்க்க முகம் இல்லை.

கருவியைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர். 2013 பிப்ரவரியில் டெட் மேடையில் பேசிய பிரின், கைபேசியைக் குனிந்து தேய்த்துக்கொண்டே மனிதர்கள் ஒருவரையொருவர் விட்டு விலகிப் போவதைப் பற்றித்தான் கவலைப்பட்டார். தலை நிமிர வேண்டும், கை விடுபட வேண்டும், கண் உலகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்தக் கண்ணாடி என்றார். ஜெர்மன் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் எழுதிய 'இருத்தலும் காலமும்' நூலில் சுத்தியலை உதாரணம் காட்டுவார்: நல்ல சுத்தியல் தச்சனின் கையில் மறைந்துவிடும், அவன் கவனம் ஆணியிலும் பலகையிலும் இருக்கும், சுத்தியலில் இருக்காது. பொறியாளர்கள் அப்படி மறைந்துபோகும் ஒரு கருவியைத்தான் தேடினார்கள். அணிந்தவருக்கு அது ஓரளவு மறையவும் செய்தது. ஆனால் எதிரே உட்கார்ந்தவருக்கு அந்த முகத்தில் அது ஒன்று மட்டுமே தெரிந்தது. தச்சனின் சுத்தியலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் எதிரில் இருப்பது ஆணி. கிளாஸின் எதிரில் இருந்தது இன்னொரு மனிதர்.

தமிழில் பேசிப் பழகியவருக்கு இதெல்லாம் அந்நியமான சிந்தனையாகத் தோன்ற நியாயமில்லை. பார்வை எதையோ செய்கிறது என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதும், புதுவீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுவதும் அந்த அறிவிலிருந்து வந்தவை. கண்ணேறு என்ற நம்பிக்கையை ஏற்காதவர்கூட, ஒரு பார்வை நல்லெண்ணத்தோடு வருகிறதா பொறாமையோடு வருகிறதா என்பதை உடம்பு உணரும் என்று ஒப்புக்கொள்வார்.

திருக்குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்று பத்திரிகைத் தமிழில் அந்தச் சொல்லுக்கு அபிப்பிராயம், பார்க்கும் கோணம் என்று பொருள். வள்ளுவர் சொன்ன பொருள் வேறு: எதிரில் இருப்பவர்மேல் கண் இரக்கத்தோடு சாய்வது. அந்தச் சாய்வு இல்லாத கண்ணைக் கண் என்றே அவர் மதிப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். வேவு பார்ப்பதைப் பற்றியது. ஒற்றரை அரசனின் கண்களுள் ஒன்றாகவே அது எண்ணுகிறது. ஆட்சி செய்பவனுக்கு இரண்டு கண்களும் வேண்டும் என்பதால் இரண்டையும் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்தார் போலும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை, தனித்தனி அதிகாரம். நண்பரோடு உணவகத்தில் உட்கார்ந்து பேசுபவருக்குத் தேவைப்படுவது முதல் கண். அதே முகத்தில் அதே நேரத்தில் இரண்டாவது கண்ணும் திறந்திருக்கிறதோ என்ற ஐயம் வந்துவிட்டால் முதல் கண்ணை நம்ப முடியாமல் போகும். கிளாஸ் அந்த ஐயத்தை ஒவ்வொரு மேசைக்கும் கொண்டு வந்தது.

கோயிலில் இந்த உறவு இன்னும் கூர்மையாகத் தெரியும். தரிசனம் என்பது சாமியைப் பார்ப்பது மட்டும் ஆகாது. சாமியின் பார்வை நம்மேல் படுவதும் சேர்ந்தது. சிலை வடிக்கும் ஸ்தபதி கடைசியாகச் செய்வது கண் திறப்பது, அதையும் சடங்காகச் செய்வது அதனால்தான். கண் திறக்கும்வரை அது கல். திறந்த பிறகு எதிரே ஒருவர் இருக்கிறார். 2022 டிசம்பரில், திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயிலின் தூய்மையும் புனிதமும் நீதிமன்றத்தின் அக்கறை. அந்த உத்தரவுக்கு அடியில் பக்தர் பலருக்கும் தெரிந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது: கருவறைமுன் கைகூப்பி நிற்பவர் பார்க்கிறார், பார்க்கப்படுகிறார். கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

வாங்காதவரின் மறுப்பைச் சந்தித்த கருவி கிளாஸ் மட்டும் இல்லை. 2001 டிசம்பரில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் செக்வே என்ற இரட்டைச்சக்கர வண்டியை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தினார். நின்றபடி முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நகரங்கள் இதைச் சுற்றியே கட்டப்படும் என்ற அளவுக்கு எதிர்பார்ப்பு. வாரத்துக்குப் பத்தாயிரம் வண்டி விற்கும் என்று எண்ணினார்கள். 2020 ஜூலையில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் விற்றது சுமார் 1,40,000. விலை ஐயாயிரம் டாலரை ஒட்டி இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைபாதை. கார் ஓடும் சாலைக்கு அது மெதுவு. மனிதர் நடக்கும் பாதைக்கு அது வேகம். 2002 இறுதியில் சான்பிரான்சிஸ்கோ தன் நடைபாதைகளில் அதைத் தடை செய்தபோது முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பட்ட அச்சம் அந்த முடிவின் பின்னால் இருந்தது. நடந்து போகிறவர்களைவிட எட்டு அங்குலம் உயரத்தில், கால் அசைக்காமல் ஒருவர் கடந்து போவதை நடப்பவர்கள் ரசிக்கவில்லை.

செக்வேயின் உள்ளே இருந்த சமநிலைத் தொழில்நுட்பத்தைக் கேமன் அதற்கு முன்பே வேறொன்றுக்குப் பயன்படுத்தியிருந்தார். ஐபாட் என்று ஒலிக்கும் பெயர்கொண்ட சக்கர நாற்காலி. ஆப்பிளின் பாட்டுப்பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான்கு சக்கரங்களில் போகும் அது, வேண்டும்போது இரண்டு சக்கரங்களில் எழுந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவரை, நின்று பேசுபவரின் கண் மட்டத்துக்கு உயர்த்தும். ஆண்டுக்கணக்காக மற்றவர்களின் இடுப்பைப் பார்த்துப் பேசியவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஒரே சுழற்சிமானி; ஒரே கணிதம். ஒன்று மனிதரை மற்றவருக்குச் சமமாக உயர்த்தியது, மற்றொன்று மற்றவருக்கு மேலே உயர்த்தியது.

அப்படியென்றால் நல்லது ஜெயித்திருக்க வேண்டும். ஜெயிக்கவில்லை. சுமார் 25,000 டாலர் விலையுள்ள அந்த நாற்காலிக்கு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு முறை போதிய பணம் தரவில்லை. 2009இல் அதன் உற்பத்தியும் நின்றது. பல ஆண்டுகள் கழித்துத்தான் மேம்பட்ட வடிவில் மீண்டும் வந்தது. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இது அசௌகரியமான உண்மை. தோல்வி எல்லாம் ஊரின் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. சில பொருள்கள் தோற்பது அவை யாருக்கு வேண்டுமோ அவர்களிடம் பணம் இல்லை என்பதால். சந்தையின் ஒரே கல்லறையில் இருவகையும் புதைந்து கிடக்கின்றன.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது இன்னும் வலுவானது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டு வந்தார்: விலை 25 டாலர், நூறு படம் எடுக்கலாம். கையில் தூக்கிக்கொண்டு கடற்கரையிலும் தெருவிலும் கண்டவரைப் படம் பிடித்தவர்கள்மேல் அன்றைக்கும் கோபம் எழுந்தது. 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய கட்டுரைக்கு, நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் ஒரு காரணம். ஆனால் கோடாக் தோற்கவில்லை. 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி கேமரா வந்தது. உலகமே படம் எடுக்கக் கற்றுக்கொண்டது. கோபம் பழகிப்போனது. கிளாஸும் சற்றுப் பொறுத்திருந்தால் பழகியிருக்கும் என்பார் வாதிப்பவர்.

பழகியது உண்மை. எப்படிப் பழகியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேமராவைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சைகை ஆனது. அதைக் கண்டதும் எதிரே இருப்பவர் தலைமுடியை ஒதுக்கிக்கொள்ளலாம், சிரிக்கலாம், "வேண்டாம்" என்று கையை ஆட்டலாம். சைகையே அனுமதி கேட்டது. கைபேசியில் கேமரா வந்தபோது அந்தச் சைகை சுருங்கிப்போனது. உடனே ஜப்பானிலும் தென்கொரியாவிலும் படம் எடுத்தால் சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இழந்த சைகையின் இடத்தில் ஒரு 'கிளிக்'. பழக்கம் என்பது எதிரே இருப்பவர் தன் கேள்வியைக் கைவிடுவதில்லை. கேட்பதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பது. கிளாஸில் தனிப் பதிவு விளக்குகூட இல்லை. பதியும்போது பட்டகத்தின் திரை ஒளிர்வதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு.

சோனி வாக்மேன் இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று. 1979இல் அது வந்தபோது அதில் இரண்டு ஹெட்போன்களைச் செருக இடம் இருந்தது. பாட்டைத் தாழ்த்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்க ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. தான் வீட்டில் அதைக் கேட்டுப் பார்த்தபோது மனைவி தன்னை ஒதுக்கிவிட்டதாக வருத்தப்பட்டதை சோனி நிறுவனர்களில் ஒருவரான அகியோ மோரிட்டா பின்னாளில் எழுதியிருக்கிறார். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குப் பட்டது. மக்களுக்கு அப்படிப் படவில்லை. அது தங்களுக்கே உரியது என்று எடுத்துக்கொண்டார்கள். பிந்தைய மாதிரிகளில் அந்தப் பொத்தான் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தன் காதை விலக்கிக்கொண்டவரை ஊர் மன்னித்தது. பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டவரை மன்னிக்கவில்லை.

கிளாஸின் கதை 2015இல் முடிந்துவிடவும் இல்லை. அதை விரும்பி ஏற்றுக்கொண்ட இடங்கள் இருந்தன. மின்னசோட்டா மாநிலத்தில் ஏஜிகோ நிறுவனத்தின் டிராக்டர் ஆலையில், கையில் எண்ணெயோடு வேலை செய்பவர்கள் அடுத்த படி என்ன என்பதைக் கண்ணெதிரே படித்துக்கொண்டார்கள். சிக்கலான பாகங்களைப் பொருத்தும் நேரம் கால் பங்கு குறைந்தது. போயிங்கில் விமான ஒயர்களை இணைப்பவர்களும் பயன்படுத்தினார்கள். 2017இல் நிறுவனங்களுக்கென்றே ஒரு பதிப்பு வந்து 2023 மார்ச்வரை விற்பனையில் இருந்தது. ஆலையில் கண்ணாடியின் எதிரே இருந்தது இயந்திரம். அதனிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

மனிதமுகம் எதிரே இருந்த இடத்திலும் அது ஒருமுறை வரவேற்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகக் கிளாஸில் ஒரு செயலியை உருவாக்கினார்கள். எதிரே இருப்பவரின் முகத்தில் தெரிவது மகிழ்ச்சியா, கோபமா, வியப்பா என்பதைக் குழந்தைக்கு அது சொல்லும். 71 குழந்தைகளைக்கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2019இல் ஒரு முன்னணி குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. கண்ணாடி பெற்ற குழந்தைகள் ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு முறை, இருபது இருபது நிமிடம் வீட்டில் அதை அணிந்து குடும்பத்தாரோடு விளையாடினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் பழகும் திறன் மேம்பட்டிருந்தது. கேமரா அதேதான், பட்டகமும் அதேதான். எதிரே இருந்த தாயும் தகப்பனும் தங்கள் முகத்தைத் தாங்களே கொடுத்தார்கள். பிள்ளை தங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சிரித்துக் காட்டினார்கள். மதுக்கூடத்தில் வேவு என்று பட்டது இங்கே கண்ணோட்டத்துக்குப் பயிற்சியானது. கருவி நல்லதா கெட்டதா என்று அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதன் எதிரே நிற்பவரைக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் கேள்வி மீண்டும் வந்திருக்கிறது, இம்முறை வெற்றி பெற்ற பொருளின் உருவில். ரே-பான் நிறுவனத்தோடு சேர்ந்து மெட்டா 2023 அக்டோபரில் விற்கத் தொடங்கிய கேமராக் கண்ணாடி 2025 பிப்ரவரிக்குள் இருபது லட்சத்துக்கு மேல் விற்றதாக அதன் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் வந்தது. படம் எடுக்கும்போது சட்டத்தின் மூலையில் ஒரு சிறு வெள்ளை விளக்கு எரியும். கிளாஸிடம் ஊர் கேட்ட கேள்விக்கு அந்த விளக்கு ஒரு பதில்; முன்னேற்றம்தான். ஆனால் கிளாஸைப் பத்தடி தூரத்திலேயே இன்னதென்று அடையாளம் கண்டுகொள்ளலாம். இது எல்லோரும் போடும் கறுப்புச் சட்டக் கண்ணாடி போலவே இருக்கிறது. பகல் வெயிலில் அந்த விளக்கைத் தேடிப் பார்க்கத் தோன்றாது. 2024 அக்டோபரில் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், இந்தக் கண்ணாடி எடுக்கும் காட்சியை முகத்தேடல் இணைய சேவையோடு இணைத்து, வழியில் சந்தித்த முன்பின் தெரியாதவர்களின் பெயரையும் விவரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கவே செய்தோம் என்று சொல்லி நிரலை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். 2013இல் எட்டு உறுப்பினர்கள் எழுதிய கடிதத்தின் கேள்வி அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது விற்பனை எண்ணிக்கை மட்டும்.

எதிரே இருப்பவர் சம்மதித்துவிட்டாரா, அல்லது தன்னிடம் கேட்கப்படுகிறது என்பதே தெரியாத நிலைக்கு அவர் வந்துவிட்டாரா? கிளாஸ் தோற்றபோது பக்கத்து மேசைக்காரரின் மறுப்பு சந்தைக்குக் கேட்டது, கண்ணாடி கண்ணுக்குத் தெரிந்ததால். தெரியாத கண்ணாடியை அவர் எப்படி மறுப்பார்?

2025 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயிலுக்குள் கேமராக் கண்ணாடியோடு போன பக்தர் ஒருவரைப் பாதுகாவலர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தரும் கவுன்டர்கள் இருக்கின்றன. கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கை காலியாகும், கும்பிட வசதிதான். புதுக் கண்ணாடிகளில் பவர் லென்ஸும் போட்டுக்கொள்ளலாம். கிட்டப்பார்வை உள்ள ஒருவர் நாளைக்கு அந்தக் கவுன்டரின்முன் வந்து நிற்பார். கழற்றிக் கொடுத்தால் கருவறை விளக்கின் மங்கலில் அவருக்குச் சாமியின் முகம் தெரியாது. போட்டுக்கொண்டு போனால் கேமராவும் கூடவே உள்ளே போகும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் அவர் முகத்தை, அந்தச் சட்டத்தின் மூலையை, மறுபடியும் அவர் கண்ணை உற்றுப் பார்ப்பார். வரிசை பின்னால் நீண்டுகொண்டிருக்கும்.